படகு மோட்டார் குடிக்கும் தண்ணீர்

எங்கள் மீட்புப் படகுப் பிரிவுக்குப் புது மோட்டார்கள் வந்திருக்கின்றன என்று கேள்விப்பட்டதும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்றவன் பழைய ஆபீசுக்கு அடிக்கடி போய் நிற்கக் கூடாது என்று என் மனைவி சரோஜா ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். அதனால் காய்கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு, திருப்பதி மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி, நேராக ஷெட்டுக்கே போய்விட்டேன்.

மோட்டார்கள் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளங்கை அளவு ஒரு திரை. அதன் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட லோகேஷ் இன்னும் உரிக்கவில்லை. லோகேஷ் என் இடத்துக்கு வந்த பையன். எனக்கு மோட்டாரைச் சுற்றிக் காட்டினான்.

"சூடு ஏறினா இதுவே கத்தும்ணா. நாம கவனிக்கலன்னா இதுவே ஸ்பீடக் குறைச்சிக்கும்."

"அப்ப உனக்கு இன்னா வேலை?"

"அதாண்ணா நானும் கேட்டுக்கினு கீறேன். திரை இல்லாத காலத்துல நீங்க எப்பிடிண்ணா கண்டுபுடிச்சீங்க?"

"அது ஒண்ணுக்குப் போறதைப் பாத்துத்தான்," என்றேன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. படகு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டீ தீர்ந்தும் கதை தீரவில்லை. வெறும் பையோடு வீட்டுக்குப் போய்ச் சரோஜாவிடம் நடந்ததைச் சொன்னேன். "மிச்சத்தை எழுதி வெச்சிடு. தெனம் காய் வாங்கப் போகாத," என்று மட்டும் சொன்னாள். எழுதுகிறேன்.

நான் பிச்சாட்டூர் பக்கத்துக்காரன். கிணற்றடியில் நைனா ஓட்டிய ஆயில் என்ஜினில் கை வைத்துப் பழகியவன். அந்தக் கைப்பழக்கத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. படகுப் பிரிவு ஆரம்பித்தபோது என்னையும் ரஃபியையும் கடற்கரைப் பக்கம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ரஃபி நீச்சல்காரன். படகின் முன்பக்கம் அவனுடையது, பின்பக்கம் என்னுடையது. கடைசி வரை அப்படியே இருந்தது. பயிற்சியில் சொன்னதில் பாதி கடலுக்குத்தான் பொருந்தும். உப்பு படியும், ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு என்பார்கள். எங்கள் ஏரி, ஆறுகளில் உப்பு கிடையாது. அதற்குப் பதிலாக மணல், வைக்கோல், பூமாலை, பிளாஸ்டிக் பை எல்லாம் உண்டு.

படகு மோட்டார் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லாரி என்ஜின் தனக்கு வேண்டிய தண்ணீரை ரேடியேட்டரில் சுமந்துகொண்டு போகிறது. படகின் பின்னால் மாட்டும் மோட்டார் அப்படியில்லை. அது எந்தத் தண்ணீரில் ஓடுகிறதோ அதையே குடிக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் காலில் சின்னச் சின்னப் பிளவுகள் இருக்கும். அதன் வழியாக ஆற்றுத் தண்ணீர் உள்ளே போகும். உள்ளே ரப்பரில் ஒரு சின்னச் சக்கரம், பூவிதழ் மாதிரி ஆறு இதழ்களோடு சுற்றிக்கொண்டிருக்கும், இம்பெல்லர் என்போம். அது தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் வழியாக மேலே தள்ளும். மேலே போன தண்ணீர் என்ஜினைச் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் புகையோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். கொஞ்சத்தை மட்டும் பின்பக்கம் ஒரு சின்னத் துளை வழியாக வெளியே விடுவார்கள், நம் கண்ணுக்குத் தெரிவதற்காக. அந்தத் தண்ணீர்க் கோடு வந்துகொண்டிருந்தால் மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அது நின்றால் சில நிமிஷங்களில் உள்ளே இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஆற்று நடுவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு பல வருஷம் ஓட்டிவிட்டேன். ஆனால் அந்தத் தண்ணீர்க் கோட்டை ரசிக்க வைத்தவர் ஹேமலதா மேடம்.

அவர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சித்தூர் டவுன்காரர், இஞ்ஜினியரிங் படித்தவர். வீட்டில் தெலுங்கு, தமிழை அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே கற்றுக்கொண்டவர். என்னை ஒரு நாளும் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏகாம்பரம் காரு" என்றுதான். யூனிஃபார்ம் பையில் எப்போதும் கமர்கட்டு வைத்திருப்பார்.

தினமும் காலையில் ஷெட்டு வாசலில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதற்குள் இறக்குவோம். தண்ணீர் பிளவுகளுக்கு மேலே நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மோட்டாரை ஒரு நொடிகூடக் காய்ந்த காலோடு ஓட்டக் கூடாது. ரப்பர் இதழ் வழவழப்பில்லாமல் தேய்ந்து கருகிவிடும். பிறகு ஸ்டார்ட் செய்வோம். தண்ணீர்க் கோடு வந்ததும் மேடம் உள்ளங்கையை அதில் நீட்டிவிட்டு எங்கேயோ மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பாட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும். "பாப்பாக்கு ஜுரம் தக்கிந்தா?" என்று நம் வீட்டுக் கதையையும் நடுவில் விசாரிப்பார், காய்ச்சல் குறைந்ததா என்று. கை மட்டும் தண்ணீரிலேயே இருக்கும். திடீரென்று கையை எடுத்துவிட்டு, "இப்ப நீங்க பாத்து செப்பண்டி," என்பார். ஆளாளுக்குக் கையை நீட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு நிறைய இருந்தது. கோடு எவ்வளவு தடிமன், எவ்வளவு தூரம் போய் விழுகிறது, விட்டுவிட்டு வருகிறதா, ஒரே சீராக வருகிறதா. முதலில் குளிர்ந்து வந்து பிறகு வெதுவெதுப்பாக வேண்டும். ரொம்ப நேரம் குளிர்ந்தே வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கும். சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்குக் கதவு திறந்து மூடுகிற சாமான் அது. கை பொறுக்காத சூடாக வந்தால் உள்ளே எங்கேயோ அடைப்பு. சரியாகச் சொன்னவருக்குக் கமர்கட்டு. தப்பாகச் சொன்னவருக்கும் கமர்கட்டு உண்டு, ஆனால் ஏன் தப்பு என்று அவரே யோசித்துச் சொன்ன பிறகுதான் கொடுப்பார். கமர்கட்டு மென்றுகொண்டே நான் கற்றுக்கொண்டது, பயிற்சியில் கற்றதைவிட அதிகம்.

ஒரு விநாயகர் சதுர்த்தி. ஏரியில் சிலைகள் கரைக்கும் இடத்தில் எங்களுக்குக் காவல் வேலை. கரையில் மேளம், கலர்ப் பொடி, பாட்டு. படகை இறக்கி ஸ்டார்ட் செய்தேன். கோடு வரவே இல்லை. மாலையோ துணியோ காலில் சுற்றியிருக்கும் என்று மோட்டாரைத் தூக்கிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. இம்பெல்லர் போய்விட்டது, காலைக் கழற்றிவிட வேண்டியதுதான் என்று ஸ்பானரை எடுத்தேன். மேடம் மோட்டார் பின்னால் குனிந்து பார்த்தவர், அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. போன மாதம் நாங்கள் வேறு வேலைக்குப் போனதில் தினசரிச் சோதனை நின்று, அந்த மோட்டார் ஸ்டாண்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது; அதற்குள் குளவி குடித்தனம் வந்துவிட்டது. மோட்டாரை மறுபடி தண்ணீரில் இறக்கி ஸ்டார்ட் செய்துவிட்டு, ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்தினேன். உள்ளே நின்றிருந்த தண்ணீர் பீறிட்டு வந்து என் முகத்தில் அடித்தது. கரையில் இருந்த கூட்டம் அது எங்கள் பங்குக் கொண்டாட்டம் என்று நினைத்துக் கை தட்டியது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மேடம் சொன்னார்: "கோடு ரலேதண்டே, வரலைன்னா, தண்ணி இல்லைன்னு அர்த்தம் இல்ல. கோடு வந்தா தண்ணி போதும்னும் அர்த்தம் இல்ல ஏகாம்பரம் காரு. அது ஜன்னல் மாத்ரமே. வீடு உள்ள இருக்கு."

அந்த இரண்டாவது பாதி எனக்குப் புரிந்தது, பிச்சாட்டூர் வெள்ளத்தின்போதுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, ஒரு கார்த்திகை மாதம். விடாத மழையில் ஏரி நிரம்பி, ஆரணி ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்ன ஊருக்குப் போகும் தரைப்பாலம் முழுகிவிட்டது. ஊர் ஜனங்கள் பள்ளிக்கூட மாடியில் ஏறிவிட்டார்கள். எங்களிடம் இருந்த இரண்டு படகில் ஒன்று திருப்பதியிலேயே தாழ்வான காலனிகளில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு மேடமும் ரஃபியும் நானும் விடிந்ததும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். ரோடு தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அதுதான் எங்களுக்குப் படகுத்துறை.

எனக்கு ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அண்ணா, நான் தேவகி பேசுறேன். ஸ்கூல் மாடியில கீறோம். வயசானவங்க, பசங்க எல்லாரும் கீறாங்க. கீழ் ரூமுக்குத் தண்ணி வந்துடுச்சி."

"வந்துக்கினே கீறோம்மா. பயப்படாதீங்க. உன் போன்ல சார்ஜ் கீதா?"

"என்கிட்ட மட்டும்தான் கீது. போட்டோ எடுக்கறதுக்குன்னு பவர் பேங்க் வாங்கி வெச்சிருந்தேன். நாளைக்குக் காலைல எனக்குக் கல்யாணம்ணா."

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். கல்யாணம் பிச்சாட்டூரில் ஒரு மண்டபத்தில். சாயங்காலம் பெண் அழைப்பு. பெண்ணும் பெண் வீட்டாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடியில்.

முதல் நடை நன்றாகப் போனது. ஆறு வயல்களின் மேல் ஏறி அகலமாக ஓடியது, நடுவில் இழுப்பு பலமாக இருந்தது. கீழே கொஞ்ச தூரத்தில் கருவேல மரங்கள் தலை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. இழுப்புக்கு எதிராகச் சாய்த்து ஓட்டி, வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் அழைத்து வந்தோம். அப்போதே தேவகியைப் பார்த்தேன். முகத்தில் நலங்கு மஞ்சள் இன்னும் அப்படியே இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்களைப் படகில் ஏற்றினாள். "நீயும் ஏறும்மா," என்றேன். "ஆயாவெல்லாம் போவட்டும்ணா, நான் கடைசியா வரேன்," என்றாள்.

இரண்டாவது நடை போகும்போது பாதி ஆற்றில் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். கோடு இல்லை.

பெயின்ட் கருகும் வாசனையும் வந்தது. உடனே மோட்டாரை நிறுத்தினால் படகு கருவேல முள்ளுக்குள் போய்ச் செருகும். ஓட்டினால் மோட்டார் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து மெதுவோட்டத்தில் விட்டு, எதிர்த்து ஓட்டாமல் இழுப்போடு சாய்ந்து, புறப்பட்டு வந்த கரைக்கே திருப்பினேன். "ரஃபி, கயிறு," என்றேன். அவன் ஏற்கெனவே கயிற்றோடு எழுந்து நின்றிருந்தான். டீக்கடைக்கு வெகு கீழே ஒரு பனைமரத்தில் சுருக்குப் போட்டு இழுத்துக் கட்டினான். அங்கிருந்து படகைக் கயிறு கட்டிக் கரையோடு இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

மோட்டாரைக் கொஞ்சம் ஆறவிட்டோம். சூடான என்ஜின் தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துவிடும். பிறகு காலைக் கழற்றினோம். வெள்ளத்து மணல் இம்பெல்லரைக் கடித்துக் குதறியிருந்தது. பெட்டியில் ஸ்பேர் இருந்தது. புதியதை மாட்டி, டீக்கடைக்காரரின் தண்ணீர் டிரம்மில் காலை இறக்கி ஸ்டார்ட் செய்தேன். கோடு அருமையாக வந்து விழுந்தது. ரஃபி படகைத் தள்ளவே ஆரம்பித்துவிட்டான்.

மேடம் விடவில்லை. "முதல்ல கரை ஓரமா, கயிறு கட்டி, ஃபுல் ஸ்பீட்ல," என்றார். படகை நீளக் கயிற்றில் கட்டி, கரையை ஒட்டி ஓட்டினோம். மெதுவாகப் போகும்போது கோடு தடிமனாக வந்தது. வேகம் கொடுத்தேன். ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. பிறகு இளைத்தது, நூலானது, சொட்டுச் சொட்டாக நின்றது. வேகத்தைக் குறைத்தேன். மறுபடியும் வந்தது.

புது இம்பெல்லர் போட்ட மோட்டாரில் இப்படி நான் பார்த்ததே இல்லை.

கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் மேடம் முன்னால் வந்து நின்றார். "மெதுவாப் போனா நல்லாத்தானம்மா ஓடுது. மெதுவாவே போய்க் கூட்டினு வந்துடுங்க. அங்க தண்ணி ஏறிக்கினு கீதாம்."

"மெதுவாப் போனா அந்த இழுப்பைத் தாண்ட முடியாது தாத்தா," என்றார் மேடம். "நடுவுல நின்னா போறவங்களும் இல்ல, வர்றவங்களும் இல்ல. இதுக்கு என்னன்னு தெரியாம நான் ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்."

அந்தப் பெரியவரின் மகள் வயிற்றுப் பேத்திகள் இரண்டு பேர் மாடியில் இருந்தார்கள். அவர் டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மேடமும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு கமர்கட்டை அவர் கையில் வைத்தார். பிறகு எழுந்து வந்து, "தண்ணி போற வழியில நாமளும் போவோம், ஏகாம்பரம் காரு. கிந்த நுஞ்சி பைக்கி," என்றார். கீழிருந்து மேலே.

அப்படியே போனோம். காலில் உள்ள பிளவுகளைப் பார்த்தோம், ஒரு வைக்கோல் துண்டுகூட இல்லை. பின்துளையில் கம்பி விட்டேன், தாராளமாகப் போனது. தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் வந்தது. மூடியைக் கழற்றி அதை வெளியே எடுத்தோம். அதைச் சோதிக்கச் சூடான தண்ணீர் வேண்டும். டீக்கடைக்காரர் பாய்லரிலிருந்து ஒரு சொம்பு பிடித்துக் கொடுத்தார். நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டோம். கூட்டம் முழுக்கச் சொம்புக்குள் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அது வாயைத் திறந்தது. வெளியே எடுத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. அதிலும் தப்பில்லை.

மேடம் படகின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்தார். "மெதுவா போனா தண்ணி போகுது. வேகமா போனா நிக்குது. ஒரே இடத்துல இருக்கிற அடைப்புன்னா எப்பவும் அடைக்கணும் கதா? இது நகருது. தண்ணி வேகமா தள்ளும்போது போய் மூடுது, குறைஞ்சா விட்டுடுது. உள்ள ஏதோ தளர்வா இருக்கு."

அவர் அதைச் சொன்னதும்தான் பழைய இம்பெல்லர் எனக்கு ஞாபகம் வந்தது. கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் போட்டிருந்தேன். எடுத்து விரித்துப் பார்த்தேன். இரண்டு இதழ் அடியோடு காணவில்லை. புதியதை மாட்டும்போது பம்ப்புக்குள் இருந்து ஒரு துண்டு விழுந்தது, அதைப் பார்த்தேன். இன்னொன்று எங்கே?

"மேடம், ஒரு துண்டு மேல ஏறிடுச்சி," என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. என் கையிலிருந்து அந்த ரப்பரை வாங்கி, இதழ் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "குழாய்ல ஏறி, தலைக்குப் போற சின்ன வழியில நிக்குது. தொரிகிந்தி," என்றார். அகப்பட்டுவிட்டது என்று. என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை வெளியே எடுப்பதுதான் பாக்கி. கம்பி அந்த வளைவில் நுழையாது. மேலிருந்து கீழே, தண்ணீர் வருகிற வழிக்கு எதிராக, பலமாகத் தண்ணீர் அடித்துத் தள்ள வேண்டும். லாரியில் இருந்த பெரிய பம்ப்பில் அடித்தால் உள்ளே இருக்கிற கேஸ்கெட்டெல்லாம் பிய்ந்துவிடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும்.

"மாங்காத் தோப்புக்கு மருந்து அடிக்கிற மெஷின் கெடைச்சா போதும்," என்றேன் நான்.

கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு குரல். "என்கிட்ட கீதுண்ணா. கொண்டாரட்டா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பையன். காது மடல் வரைக்கும் மஞ்சள். கையில் காப்புக் கயிறு. அவன்தான் மாப்பிள்ளை, தினேஷ். புத்தூர்ப் பக்கத்தில் மாந்தோப்புகளுக்கு மருந்து அடிப்பதுதான் அவன் தொழில். நலங்கு வைத்த மாப்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது என்று அவன் அம்மா சொல்லியும் கேட்காமல், காலையிலேயே வந்து கூட்டத்தோடு நின்றிருக்கிறான். கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

டிராக்டரோடு அவன் திரும்பி வருவதற்குள் அவன் அம்மாவும் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். "கல்யாணத்த வெச்சிக்கினு மருந்து மெஷின இட்டுக்கினு வந்து நிக்கிறியே, நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று அவர் திட்டத் திட்ட, தினேஷ் மெஷினை நல்ல தண்ணீரில் நன்றாக ஓடவிட்டு மருந்து வாசனை போகும்வரை கழுவினான். அவனுக்கு அந்த மெஷின் நன்றாகவே கைவந்திருந்தது. மோட்டாரின் காலை மறுபடி கழற்றிவிட்டு, மெஷின் குழாயின் முனையைத் தெர்மோஸ்டாட் இருந்த வாயில் துணி சுற்றி வைத்துப் பிடித்துக்கொண்டேன். ரஃபி கீழே மோட்டார்க் குழாயின் அடியில் உள்ளங்கையை ஏந்தி உட்கார்ந்தான். மேடம் கையைத் தூக்கினால் அதிகம், இறக்கினால் குறைவு. தினேஷ் அவர் கையையே பார்த்துக்கொண்டு மெஷினைத் திருகினான்.

முதலில் சேறு வந்தது. பிறகு மணல். பிறகு தெளிந்த தண்ணீர் மட்டும். "மறுபடி. விட்டு விட்டு," என்றார் மேடம். தினேஷ் கொடுத்து நிறுத்தி, கொடுத்து நிறுத்தி அடித்தான். ரஃபி சட்டென்று கையை மூடினான். எழுந்து வந்து மேடம் முன்னால் கையை விரித்தான். சுண்டுவிரல் நகம் மாதிரி, கறுப்பாக ஒரு ரப்பர்த் துண்டு.

மாப்பிள்ளையின் அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இத்தினூண்டுக்கா இவ்ளோ ரகளை," என்றார். திட்டுவதை அதோடு விட்டுவிட்டார்.

எல்லாவற்றையும் மாட்டினோம். டிரம்மில் ஓட்டினோம். கயிறு கட்டிக் கரையோரம் முழு வேகத்தில் ஓட்டினோம், ஒரு தடவையோடு விடவில்லை. வேகம் கூடக் கூடக் கோடும் தடித்து, தூரமாகப் போய் விழுந்தது. மேடம் படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை அதில் நீட்டினார். அன்றைக்கு அவர் எங்கேயும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். வெதுவெதுப்பு வரும்வரை எடுக்கவே இல்லை. பிறகு கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

தேவகிக்கு நான் போன் போட்டேன். "வந்துக்கினு கீறோம்மா."

"சரியாயிடுச்சா அண்ணா?"

"உன் வூட்டுக்காரர்தான் சரி பண்ணாரு."

அவள் சிரித்த சிரிப்பு, ஸ்பீக்கர் போடாமலே கரையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

மதியம் தாண்டுவதற்குள் எல்லோரையும் அழைத்து வந்துவிட்டோம். பெரியவரின் பேத்திகள் இரண்டு பேரும் இறங்கியதும் அவர் அவர்களைத் தூக்கிக்கொள்ளாமல், மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி நடையில் தேவகியும், அவள் அப்பா முனுசாமியும், அம்மாவும், ஒரு பித்தளைக் குத்துவிளக்கும், சீர்ப் பாத்திரங்கள் ஒரு மூட்டையும் வந்தன. பாத்திரத்தை விட்டுவிட்டு வரச் சொன்னேன். பெண்ணின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ரஃபியே மூட்டையைத் தூக்கிப் படகில் வைத்துவிட்டான். லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே மாலை போட்டால் எப்படி இருக்கும் என்று தேவகியே கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டு வந்தாள். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தேன். கோடு வெயிலில் மின்னிக்கொண்டு பின்னால் வந்தது. மழை விட்டிருந்ததையே அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் வெள்ளம் வடியத் தொடங்கி, எங்களைத் திருப்பதிக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். போகிற வழியில் மண்டபத்தில் தலை காட்டிவிட்டுப் போகலாம் என்று மேடம் லாரியை நிறுத்தச் சொன்னார். காக்கிச் சட்டையோடு மூன்று பேரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். முனுசாமி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. பட்டம் கட்டத் தாய்மாமன் வேணும். என் மச்சான் தடாவுல இருந்து வரணும், ரோடு அறுந்து போயி வழியிலயே நிக்கிறான். முகூர்த்தம் தாண்டிடும். பொண்ணு உங்களத்தான் சொல்றா."

என் விரல் நகத்தில் கிரீஸ் கறை. சட்டையில் பெட்ரோல் வாசனை. "நான் எப்பிடிங்க," என்று மேடத்தைப் பார்த்தேன். அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். "வெள்ளண்டி, ஏகாம்பரம் காரு. போங்க, போங்க."

யாரோ ஒருத்தர் வேட்டியும் துண்டும் மாலையும் கொண்டுவந்து கொடுத்தார். மேடையில் ஏறி, தேவகியின் நெற்றியில் பட்டத்தை வைத்துக் கட்டினேன். எத்தனையோ போல்ட்டுகளை இறுக்கிய கை, அந்த நூல் முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டியது.

"இன்னாம்மா, நேத்து அண்ணான்னு கூப்ட்ட," என்றேன் மெதுவாக.

"இன்னைலருந்து மாமா," என்றாள்.

தினேஷ் முகத்தில் மஞ்சளுக்கு மேலே பவுடர் போட்டிருந்தார்கள். தாலி கட்டும்போது கெட்டிமேளம் கேட்டு ரஃபி எழுந்து நின்று கை தட்டினான். மேடம் அழுதுகொண்டே இருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

நாங்கள் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு வந்திருந்தோம். அப்போதுதான் வாசலில் ஒரு மனிதர், முழங்கால் வரை சேறு, தலையில் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றிய ஒரு சீர்த்தட்டு. உண்மையான தாய்மாமன். பாதி வழி டிராக்டரிலும் மீதி நடந்தும் வந்திருக்கிறார். முனுசாமி அவரிடம் விஷயத்தைச் சொல்லி என்னைக் காட்டினார். அவர் நேராக என் இலைக்கு எதிரே வந்து நின்றார். நான் கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றப் போனேன்.

"கயட்டாதீங்கண்ணா," என்றார். "நீங்க கட்டினது கட்டினதுதான்." தட்டை இறக்கி வைத்துவிட்டு, சேற்றுக் காலோடு என் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டார். அவருக்குச் சோறு வந்தது, சாம்பார் வந்தது. பிசைந்து முதல் வாயை வைக்கப் போனவர் ஏதோ நினைத்துக்கொண்டு என் காதருகில் சாய்ந்தார்.

"திரும்பிப் போறதுக்கு இன்னைக்குப் படகு கீதா?"

"மொதல்ல துன்னுங்க தம்பி," என்றேன். "படகு நல்லா கீது."